தடம் புரளாமல் ஓட: ரயில் மாடல் கேள்வி–பதில்

வீட்டில் மாடல் ரயில் போடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வேறு அளவுகோல் என்று சொல்லாத இடங்களில் எல்லாம் எச்ஓ (HO, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு) என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 3 மீட்டருக்கு 2.4 மீட்டர் அறை ஒன்று இருக்கிறது. எச்ஓ, ஓஓ (OO), என் (N) – எந்த அளவுகோலில் தொடங்கலாம்? எச்ஓ, ஓஓ இரண்டையும் ஒரே தண்டவாளத்தில் ஓட்டலாமா?

பதில்: இரண்டாவது கேள்வி சுலபம். ஓட்டலாம். இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி 16.5 மிமீதான். நிஜத்தில் 1,435 மிமீ அகலமுள்ள பாதையை 87-ஆல் வகுத்தால் 16.5 வரும், அதுதான் எச்ஓ. ஓஓ 1:76. அந்தக் கணக்குப்படி பாதை 18.9 மிமீ அளவுக்கு இருந்திருக்க வேண்டும். பெட்டியை மட்டும் பெரிதாக்கிவிட்டுப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் ஓடும், ஆனால் இரண்டையும் ஒரே ரயிலில் கோத்தால் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் நிற்பதுபோல உயர வித்தியாசம் கண்ணில் படும்.

முதல் கேள்விக்கு வருவோம். உங்களிடம் இருக்கப்போகும் மிக நீளமான பெட்டியிலிருந்து கணக்கை ஆரம்பியுங்கள். 23.5 மீட்டர் பயணிகள் பெட்டி எச்ஓவில் 27 செமீ. 1:160 அளவுள்ள என் அளவுகோலில் 14.7 செமீ. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால் பெட்டி முரண்டு பிடிக்காமல் திரும்பும். எச்ஓவில் 81 செமீ, என்னில் 44 செமீ. 81 செமீ ஆரத்தில் அரைவட்டம் திரும்ப, ஓரம் சேர்த்து 1.8 மீட்டர் அகலப் பலகை வேண்டும். அதன் நடுவில் கவிழ்ந்த பெட்டியை யார் எடுப்பது? ஓரத்தில் நின்றபடி கை வசதியாக எட்டுவது 75 செமீ வரைதான். ஆகவே உங்கள் அறையில் எச்ஓ என்றால் சுவரோரமாக 50–60 செமீ அகலத்தில் சுற்றி வரும் அமைப்பு, நடுவில் நீங்கள். என் என்றால் ஒரு கதவளவு பலகை போதும்.

நீண்ட ரயில் மலையையும் வயலையும் கடப்பதைப் பார்க்க ஆசை என்றால் என் எடுங்கள். ஷண்டிங் (பெட்டிகளைப் பிரித்துச் சேர்ப்பது), சத்தம், கையால் சின்னச் சின்ன வேலை செய்வது பிடிக்கும் என்றால் எச்ஓ. நாலு சக்கர கூட்ஸ் வண்டிகளும் குட்டி இன்ஜின்களும் மட்டும் போதும் என்பவருக்கு எச்ஓவிலேயே 45 செமீ ஆரத்தில் காரியம் முடிந்துவிடும்.

கேள்வி: மீட்டர் கேஜ் ரயில் செய்ய எந்தத் தண்டவாளம் வாங்குவது? 1,676 மிமீ அகலப் பாதைக்கு?

பதில்: 1,000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5. இதற்கு 12 மிமீ தண்டவாளம் எச்ஓஎம் என்ற பெயரில் வருகிறது. அகலப் பாதைக்கு 19.3 மிமீ வேண்டும். ஆயத்தமாகக் கிடைப்பது 16.5 என்பதால் பெரும்பாலோர் அதிலேயே ஓட்டுகிறார்கள். ஏறக்குறைய 3 மிமீ குறைவது பக்கவாட்டில் தெரியாது. ரயில் நேர் எதிரே வரும்போது தெரியும். அதனால் பார்வையாளர் நிற்கும் இடத்தை நோக்கிப் பாதை நேராக வராதபடி அமைத்துவிடுவது நல்லது.

கேள்வி: குறிப்பிட்ட ஒரு பெட்டி மட்டும், குறிப்பிட்ட ஒரே இடத்தில் தடம் புரள்கிறது. மற்றவை அதே இடத்தை ஒழுங்காகத் தாண்டுகின்றன. குற்றம் பாதையிலா, பெட்டியிலா?

பதில்: ஒரே பெட்டி பல இடங்களில் விழுந்தால் பெட்டி சரியில்லை. பல பெட்டிகள் ஒரே இடத்தில் விழுந்தால் பாதை சரியில்லை. உங்களுடையதில் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு இருக்கிறது. தனியாக இருந்தால் தொல்லை தராத இரண்டு பிழைகள் அந்த இடத்தில் ஒன்று சேர்கின்றன.

முதலில் பெட்டியைக் கழற்றி, அந்த இடத்தில் கையால் மிக மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். பின்னாலிருந்து டார்ச் அடித்து, கண்ணைத் தண்டவாள மட்டத்தில் வையுங்கள். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். பெட்டி விழுவதற்கு 5–10 செமீ முன்னாலேயே சக்கரம் ஏறியிருக்கும். பழுது அங்கேதான், விழுந்த இடத்தைத் தோண்டிக்கொண்டிருப்பது வீண் வேலை.

அடுத்து பெட்டியை முன்பின் திருப்பி ஓட்டுங்கள். முன்பு விழுந்த போகியே (பெட்டியின் அடியிலுள்ள சக்கரச் சட்டம்) இப்போது பின்னால் போயும் விழுந்தால் அதைக் கழற்றிச் சோதியுங்கள். காலிப்பரை ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் உட்புறம் வைத்து அளந்தால் எச்ஓவில் 14.4 மிமீயை ஒட்டியும், ஓஓவில் 14.5 மிமீயை ஒட்டியும் இருக்க வேண்டும். குறைந்தால் பாயின்டில் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) சக்கரத்தை வழிநடத்தும் காவல் தண்டவாளத்தின் மேல் சக்கரம் ஏறும். கூடினால் எதிர்ப்பக்க விளிம்பு ஃபிராக்கின் (பாயின்டில் இரு தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம்) மூக்கில் முட்டும். சரிசெய்ய, சக்கரத்தை அச்சின்மேல் சுழற்றிக்கொண்டே இழுக்கவோ தள்ளவோ வேண்டும். சுழற்றாமல் இழுத்தால் சக்கரம் கோணிக்கொண்டு, ஓடும்போது ஆடும்.

போகித் திருகாணிகளில் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டையும் இறுக்கினாலும் தப்பு, இரண்டையும் தளர்த்தினாலும் தப்பு. ஒன்றை, போகி இடவலமாகத் தாராளமாகத் திரும்பும், ஆனால் பக்கவாட்டில் சாயாது என்ற அளவுக்கு வையுங்கள். மற்றதை, எல்லாப் பக்கமும் லேசாக ஆடும்படி தளர்த்துங்கள். நாற்காலியின் நாலு கால் சமமில்லாத தரையில் ஆடும், முக்காலி ஆடாது. அதே தத்துவம்தான்.

எடையும் பாருங்கள். எச்ஓவுக்கு வழக்கில் உள்ள கணக்கு: 28 கிராம், அதோடு நீளத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 5.6 கிராம். 27 செமீ பெட்டிக்கு ஏறக்குறைய 180 கிராம் வரும். குறைந்தால் தரைப்பகுதியில் ஈயத் துண்டோ இரும்பு நட்டோ ஒட்டுங்கள். கூரையருகே ஒட்டினால் வளைவில் கவிழ்த்துவிடும்.

பாதைப் பக்கம் வந்தால், இணைப்பின் உள் விளிம்பில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். நுண்ணரம் கொண்டு மழுக்கிவிடுங்கள். ஒரு தண்டவாளம் மட்டும் தாழ்ந்திருப்பது, இரண்டும் சேர்ந்து பள்ளத்தில் இறங்குவதைவிட மோசமானது. தாழ்ந்த பக்கத்து ஸ்லீப்பருக்கு (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) அடியில் காகிதக் கீற்றுகளை ஒவ்வொன்றாகச் செருகி மட்டம் பாருங்கள். வளைவில் தண்டவாள இணைப்பு முழங்கைபோல வெளியே தள்ளி நிற்பது இன்னொரு வழக்கமான பழுது. வளையும் தண்டவாளத் துண்டுகள் இரண்டை நேராக வைத்து முதலில் பற்றவைத்துவிட்டு, பிறகு சேர்த்து வளைத்தால் அது வராது. இடப்பக்க வளைவு முடிந்த உடனே வலப்பக்க வளைவு தொடங்கினால் நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்ப்பாதை வையுங்கள்.

கேள்வி: மேம்பாலத்தின் மேல் ஏற 6 பெட்டிகளோடு இன்ஜின் திணறுகிறது. சக்கரம் சுழல்கிறதே தவிர நகரவில்லை.

பதில்: கீழே போகும் ரயிலுக்கு 75 மிமீ இடைவெளி, பாலத்தின் கனத்துக்கும் தண்டவாளத்துக்கும் 15 மிமீ. ஆக 90 மிமீ ஏற வேண்டும். 2 சதவீதச் சரிவில் இதற்கு 4.5 மீட்டர் ஓட்டம் வேண்டும், 3 சதவீதத்தில் 3 மீட்டர், 4 சதவீதத்தில் 2.25 மீட்டர். இடம் போதாமல் 4-ஐத் தாண்டியிருப்பீர்கள். ஏற்றம் வளைவிலும் இருந்தால் சுமை இன்னும் கூடும். மேல்பாதையை 45 மிமீ ஏற்றி, கீழ்ப்பாதையை 45 மிமீ இறக்கினால் பாதி நீளத்தில் அதே உயரம் கிடைக்கும். ஏற்றத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் 30 செமீயாவது மெல்ல மெல்ல வளைந்து சேரட்டும். இல்லையென்றால் பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங் கழன்றுகொள்ளும். சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டினால் பிடிமானம் கிடைக்கும், ஆனால் அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்காது, அழுக்கையும் பூசும். எங்கள் ஓட்டு, இன்ஜினுக்குள் எடை கூட்டுவதற்கே.

கேள்வி: கண்ட்ரோலர் பக்கம் நல்ல வேகம், மேஜையின் எதிர்க்கோடியில் இன்ஜின் தளர்ந்துவிடுகிறது. தண்டவாளத்தைத் துடைத்தும் பயனில்லை.

பதில்: நீங்கள் மின்சாரத்தை இணைப்புத் தகடுகள் வழியாக அனுப்புகிறீர்கள். அந்தத் தகடுகள் தண்டவாளங்களை நேராகப் பிடிப்பதற்கானவை. புதிதாக இருக்கும்போது மின்சாரமும் கடத்தும், ஆறு மாதத்தில் தளர்ந்து கறுத்துவிடும். தண்டவாள உலோகமான நிக்கல் சில்வரும் செம்பு அளவுக்குக் கடத்தாது. பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்.

மேஜைக்கு அடியில், பாதையைப் பின்தொடர்ந்து 2.5 சதுர மிமீ செம்பு ஒயர் இரண்டை இழுங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு நிறம். அந்த நிறத்தை எங்கேயும் மாற்றாதீர்கள். அதிலிருந்து ஒவ்வொரு 91 செமீ தண்டவாளத் துண்டுக்கும் 0.5 சதுர மிமீ கிளை ஒயர், 20–30 செமீ நீளத்துக்குள்.

தண்டவாளத்தின் வெளிப்பக்க இடுப்பில் பற்றவையுங்கள். அந்த இடத்தை அரத்தால் பளிச்சென்று தேய்த்து, ரோசின் பிளக்ஸ் தடவி, தண்டவாளத்திலும் ஒயரிலும் தனித்தனியாக முதலில் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். இருபுறமும் ஸ்லீப்பர்மேல் ஈரப் பஞ்சு. பிறகு ஒயரை வைத்து பற்றவைக்கும் அயர்னால் 2–3 விநாடி தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அதற்குமேல் பிடித்தால் பிளாஸ்டிக் இளகி, பாதை குறுகும், புதிதாக ஒரு தடம்புரளல் பிறக்கும். நேரம் கூடுகிறதென்றால் அயர்ன் முனை அழுக்கு, அல்லது வாட் போதாது. 40 வாட்டுக்குக் குறையாமல் தட்டை முனை வைத்துக்கொள்ளுங்கள். ஆசிட் பிளக்ஸ் வேண்டாம். மெல்ல அரித்து ஒயரை விட வைக்கும்.

எல்லா இணைப்பையும் பற்றவைத்துவிடாதீர்கள். 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஒரு மீட்டர் தண்டவாளம் 0.3 மிமீ நீளும். பலகை ஈரத்தில் அதைவிட அதிகமாக அசையும். இரண்டு மூன்று துண்டுகளுக்கு ஒருமுறை தகடு மட்டும் போட்டு அரை மிமீ இடைவெளி விடுங்கள்.

டிசிசி (ஒவ்வோர் இன்ஜினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) வைத்திருப்பவர்களுக்கு ஒரு சோதனை. ஒவ்வொரு இடத்திலும் இரு தண்டவாளத்தின் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே அணைய வேண்டும். அணையாத இடத்தில்தான் ஒருநாள் ஷார்ட் ஆகி, போகி உருகும்.

கேள்வி: பாதை சுற்றிவந்து தன் மேலேயே சேரும் இடத்தில் ஷார்ட் ஆகிறது.

பதில்: ஆகத்தான் செய்யும். இடது தண்டவாளம் சுற்றிவந்து வலது தண்டவாளத்தைத் தொடுகிறது. வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி பிளாஸ்டிக் இணைப்பு போடுங்கள். நடுப்பகுதி, உலோகச் சக்கரமுள்ள உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்கட்டும். டிசிசியில் அந்தப் பகுதிக்குத் தானாக மின்முனை மாற்றும் கருவி ஒன்று. டிசியில் (சாதாரண நேர்மின்னோட்ட முறை) இருவழி சுவிட்ச்.

கேள்வி: பழைய டிசி இன்ஜினில் டிகோடர் (டிசிசி கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சில்லு) வைத்தேன். ரயில் நகரும் முன்பே டிகோடர் புகைந்துவிட்டது.

பதில்: பழைய இன்ஜின்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு பிரஷ், உலோகச் சட்டத்தின் வழியாக நேராகத் தண்டவாளத்தோடு சேர்ந்திருக்கும். டிசியில் அது குற்றமில்லை. டிசிசியில், தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில் டிகோடரைத் தவிர வேறு வழியே இருக்கக் கூடாது. மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, மோட்டாரின் இரு முனைகளையும் இடது, வலது சக்கரங்களோடு நாலு விதமாகவும் தொட்டுப் பாருங்கள். எதிலும் பீப் வரக் கூடாது. வந்தால் பெரும்பாலும் அடிப்பக்கத்து பிரஷ் தகடுதான். கழற்றி, சட்டத்தின்மேல் காப்டன் டேப் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) ஒட்டி, தகட்டில் தனி ஒயர் வையுங்கள். மோட்டார் முனைகளில் பழைய இரைச்சல் தடுப்புக் கண்டென்சர் இருந்தால் எடுத்துவிடுங்கள். டிகோடரின் வேகக் கட்டுப்பாட்டை அது குழப்பும்.

டிகோடர் வாங்கும் முன்பே ஸ்டால் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். 12 வோல்ட் கொடுத்து, ஆம்மீட்டரைத் தொடரில் போட்டு, மோட்டார் அச்சை விரலால் ஒரு விநாடி நிறுத்திப் பிடித்து அளவைப் படியுங்கள். அது டிகோடரின் உச்ச அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். அதிகமானால், பெரிய டிகோடரைத் தேடுவதற்கு முன் பழைய கிரீஸைக் கழுவி, பல்சக்கரங்களைச் சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள்.

நிறங்கள்: சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவான பிளஸ். எல்ஈடிக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். மூடியைப் பூட்டும் முன் புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து முகவரியைப் படிக்கச் சொல்லுங்கள்; புது டிகோடரில் 3 என்று வரும். அங்கே மின்னோட்டம் குறைவு என்பதால் தப்பு இருந்தாலும் டிகோடர் பிழைத்துக்கொள்ளும். படிக்க முடியவில்லை என்றால் மோட்டார் ஒயரைப் பாருங்கள். டிகோடர் பதில் சொல்வதே மோட்டாரில் ஒரு சின்னத் துடிப்பை எழுப்பித்தான். டிகோடரை டேப்பால் முழுவதும் சுற்றிவிடாதீர்கள், சூடு வெளியேற வேண்டும்.

டிசியிலேயே திக்கித் திணறும் இன்ஜினுக்கு டிகோடர் மருந்தில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: சின்ன வயதில் கேட்ட நீராவி இன்ஜின் சத்தம், சவுண்டு டிகோடர் போட்ட மாடலில் வரவில்லை. ஒலிப்பதிவு சரியில்லையா? தண்டவாளத்தின் 'தடக் தடக்'கும் வேண்டும்.

பதில்: ஒலிப்பதிவின்மேல் பழி போடுவதற்கு முன் வேகத்தைக் குறையுங்கள். இரண்டு சிலிண்டர் இன்ஜின் பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றும்போது நாலு தடவை புகைவிடும். சக்கர விட்டம் 1.5 மீட்டர் என்றால் சுற்றளவு 4.7 மீட்டர். மணிக்கு 20 கிமீ வேகத்தில் விநாடிக்கு 4.7 'சுக்' வரும். அதே இன்ஜின் 60 கிமீயில் போனால் 14 வரும். காதுக்கு அது தனித்தனியாகக் கேட்காது, ஒரே இரைச்சல். நினைவில் நிற்கும் அந்தச் சத்தம் ரயில் ஸ்டேஷனை விட்டுப் புறப்படும்போது, ஏற்றத்தில் ஏறும்போது கேட்டது. மாடலை அந்த வேகத்துக்குக் கொண்டுவாருங்கள்: 20 கிமீ என்பது 1:87-இல் விநாடிக்கு 6.4 செமீ. ஒரு மீட்டரைக் கடக்க 15.6 விநாடி. அளந்து பார்த்தால்தான் எவ்வளவு வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பது தெரியும்.

பிறகு ஒத்திசைவு. சக்கரத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று வைத்து, ஒரு சுற்றுக்கு நாலு சத்தம் வருகிறதா என்று எண்ணுங்கள். கூடுதலாகவோ குறைவாகவோ வந்தால் டிகோடரின் கையேட்டில் சொல்லியுள்ள சிவியை (டிகோடரில் மாற்றக்கூடிய அமைப்பு எண்) மாற்றுங்கள். மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு ஆறு வரும். சிவி 3-ஐக் கூட்டினால் இன்ஜின் மெல்ல வேகம் பிடிக்கும், இழுவையின் கனம் சத்தத்திலும் தெரியும்.

'தடக் தடக்'குக்கு டிகோடரே வேண்டாம். நிஜத்தில் தண்டவாளத் துண்டு 13 மீட்டர் என்றால் 1:87-இல் 15 செமீ. அந்த இடைவெளியில் தண்டவாளத் தலையின் மேல்பக்கம் மெல்லிய ரம்பத்தால் அரை மிமீ ஆழத்துக்கும் குறைவாக ஒரு கோடு இழுங்கள். நீளமும் வேகமும் ஒரே விகிதத்தில் குறைவதால் தாளம் நிஜத்தில் கேட்ட அதே தாளமாக வரும். உலோகச் சக்கரம் வேண்டும், பாதை பலகையில் நேராக ஒட்டியிருக்க வேண்டும். பாதைக்கு அடியில் கார்க் இருந்தால் அது சத்தத்தைக் குடித்துவிடும். பாயின்டுக்குப் பக்கத்தில் கோடு இழுக்க வேண்டாம். இழுத்த பிறகு பிசிறை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: நிஜ ரயிலில் 24 பெட்டி. அத்தனையும் வைத்தால்தான் அந்த ரயில் போலிருக்குமா?

பதில்: 24-ஐ 27 செமீயால் பெருக்கினால் 6.5 மீட்டர். உங்கள் அறையின் நீளத்தைவிட ரயில் நீளம். 7 பெட்டி போதும், ஆனால் வரிசையை மாற்றாதீர்கள்: முன்னால் எந்த வகை, நடுவில் எது, கடைசியில் எது என்பதை வைத்துத்தான் ரயிலை அடையாளம் காண்கிறோம். இரு முனையும் ஒரே நேரத்தில் கண்ணில் படாதபடி ஒரு மேம்பாலமோ மேட்டை வெட்டிய பள்ளமோ மரக்கூட்டமோ வைத்தால் யாரும் எண்ண மாட்டார்கள்.

கேள்வி: தண்டவாளம் வாரம் ஒருமுறை கறுத்துவிடுகிறது. உப்புத்தாளால் தேய்க்கலாமா?

பதில்: கூடாது. கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். கறுப்புக்கு முக்கியக் காரணம் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் தெறிக்கும் நுண்பொறி. பிளாஸ்டிக் சக்கரங்கள் அந்தக் கறுப்பைத் தேய்த்துப் பரப்பும். அவற்றை உலோகத்துக்கு மாற்றினாலே பாதி வேலை குறைந்துவிடும். பஞ்சில்லாத துணியை மினரல் டர்பன்டைனில் லேசாக நனைத்துத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். நெருப்பு பக்கத்தில் வேண்டாம். கரைப்பான் காய்ந்த பிறகுதான் மின்சாரம் போட வேண்டும். இன்ஜின் சக்கரத்துக்கு, தண்டவாளத்தின் குறுக்கே காகிதத் துண்டைப் போட்டு, இன்ஜினின் ஒரு முனைச் சக்கரங்கள் அதன்மேலும் மறுமுனைச் சக்கரங்கள் தண்டவாளத்திலும் இருக்கும்படி இன்ஜினைக் கையால் பிடித்து ஓட விடுங்கள். காகிதத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். பிறகு திருப்பி வைத்து மறுமுனை.

கேள்வி: ஜல்லி போட்ட பிறகு பாயின்ட் அசைய மறுக்கிறது. ஆற்று மணலை ஜல்லியாகப் பயன்படுத்தலாமா?

பதில்: பாயின்டை இயக்கும் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் பசை போயிருக்கிறது. வெந்நீரில் நனைத்த பஞ்சை அரைமணி நேரம் வைத்து, ஊசியால் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து எடுங்கள். அடுத்த முறை அங்கே கற்களைக் கொட்டாமல், பலகைக்கு ஜல்லி நிறம் பூசி விட்டுவிடுங்கள். மற்ற இடங்களில் காய்ந்த ஜல்லியைத் தூரிகையால் ஸ்லீப்பர் மட்டத்துக்குக் கீழே ஒழுங்குபடுத்தி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைப் பனிபோலத் தெளியுங்கள். பிறகு மரப்பசையும் தண்ணீரும் சமமாகக் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். தண்ணீர் தெளிக்காமல் பசையை விட்டால் அது உருண்டையாகத் திரண்டு கற்களை இழுத்துக்கொண்டு போகும். நன்றாகக் காய ஒருநாள் ஆகும்.

மணல் ஆகும், இரண்டு நிபந்தனைகளோடு. நிஜ ஜல்லி 50 மிமீ என்றால் எச்ஓவில் 0.6 மிமீ, என்னில் 0.3 மிமீ. இதைவிடப் பருமனாக இருந்தால் பாதை பாறைக்குவியலில் கிடப்பதுபோல இருக்கும். ஆகவே சலித்து எடுங்கள். கழுவி உலர்த்திய பிறகு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தை மணலுக்குள் நன்றாகக் கிளறுங்கள். கறுப்புத் துகள் ஒட்டினால் அது இரும்புத் தாது. இன்ஜின் மோட்டாரின் காந்தம் அதை உள்ளே இழுத்துவிடும். பையைத் திருப்பி உதறிவிட்டு, ஒன்றும் ஒட்டாத வரைக்கும் கிளறுங்கள். கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருந்தால் அந்த மணல் பாதைக்கு ஆகாது, தூரத்து மலைச்சரிவில் தூவலாம்.